எக்கோவ எட்த்துடு பாய்

அமலி அன்று பாடிய பாட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு அவள் மைக்கில் சொன்ன வார்த்தையிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு தெரு. கோடைக்காலத்துச் சாயங்காலம். வெயில் இறங்கியும் தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கன்டெய்னரை இறக்கிவிட்டு வந்த டிரெய்லர் ஒன்றைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் மேடை. அதன் மேல் பச்சைப் புடவையும் கனகாம்பரமுமாக அமலி. எதிர்க்கோடியில் தார்பாய்க்குக் கீழே மைக்செட்டின் மிக்சர் பெட்டியோடு நான். நடுவில் கேரம் போட்டி முடிந்து, ஆடித் தீர்க்கக் காத்திருந்த பையன்கள்.

அவள் இரண்டு வரி பாடினாள். நிறுத்தினாள். கூட்டத்தின் தலைகளைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தாள்.

"எக்கோவ எட்த்துடு பாய்."

மைக்கிலேயே சொன்னாள். தெருவே திரும்பி என்னைப் பார்த்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் போய் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. எக்கோ பாய் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடும். அப்படிப்பட்டவனிடம் எக்கோவை எடு என்று நாலு பேர் முன்னால் சொல்வது, பிரியாணி மாஸ்டரிடம் மசாலாவை எடு என்று சொல்வதுபோல.

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. அந்தக் கோபம் எங்கே போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஊளையும் இரைச்சலும்

போன வாரம் எங்கள் அத்தா, என் தகப்பனார், வைத்திருந்த குழாய் ஸ்பீக்கர்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "எத்தனை பெரிய பாடகர்களைப் பக்கத்திலிருந்து கேட்டிருப்பீர்கள், கொடுத்துவைத்தவர்" என்று எழுதியிருக்கிறார். அவர் மனசு நோகக்கூடாது, ஆனால் உண்மை வேறு.

மைக்செட்காரன் பாட்டுக் கேட்க மாட்டான். அவன் காது வேறு வேலையில் இருக்கும். ஒயரில் இரைச்சல் வருகிறதா, ஸ்பீக்கர் பாக்ஸ் ஊளையிடப் பார்க்கிறதா, பாடுகிறவன் மைக்கை வாய்க்குள் திணித்துக்கொள்கிறானா, இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு தப்பும் காதில் விழவில்லை என்றால் கச்சேரி நன்றாக நடந்தது என்று அர்த்தம்.

என் மனைவி பாத்திமாவுக்குப் பாட்டு என்றால் உயிர். நான் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே கேட்பாள்: "இன்னிக்கி பாட்டு எப்டி?"

"ட்ரெபிள் கொஞ்சம் ஜாஸ்தி" என்பேன்.

"உங்கள போய் கேட்டேன் பாரு" என்று உள்ளே போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில்.

மூன்று தரம் திரும்பி வரவேண்டும்

எக்கோ எனக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அத்தா காலமான பிறகு குழாய் ஸ்பீக்கரெல்லாம் பழைய இரும்பாகிவிட்டது. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து திரிந்து, செகண்ட் ஹேண்டில் ஒரு எக்கோ பெட்டி வாங்கிவந்தேன். டிபன் பாக்ஸ் அளவுதான். அதில் ஒரு குமிழ். அதைத் திருகினால் "வணக்கம்" என்று சொல்கிறவனுக்கு "வணக்கம், ணக்கம், க்கம்" என்று திரும்பி வரும்.

அன்றிலிருந்து என் காட்டில் மழை. எம்.கே.பி. நகரில் காதுகுத்து, யானைக்கவுனியில் கடை திறப்பு, மூலக்கொத்தளத்தில் துக்க வீடு, எதுவானாலும் "எக்கோ பாய கூப்டு" என்றார்கள். பாடுகிறவன் மேடை ஏறியதும் முதலில் சொல்வது, "பாய், எக்கோவ கொஞ்சம் ஏத்து." தெருமுனைக் கூட்டத்தில் பேசுகிறவர் கேட்பார். காணாமல் போன பிள்ளையின் பெயரைச் சொல்ல வருகிறவர்கூடக் கேட்பார்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள். வடசென்னைக்காரன் டீ சொன்னாலும் எக்கோவில்தான் சொல்வான் என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். விடிந்தால் அடைந்தால் டிரெய்லர் ஹாரனுக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறவர்கள் நாங்கள். ஒரு கவுன்டரில் போய் நின்று ஒரு விஷயத்தை ஒரு தரம் சொன்னால் உள்ளே இருக்கிறவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். மைக் கையில் கிடைக்கிற அன்றைக்காவது சொன்னது மூன்று தரம் திரும்பி வரட்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு?

தேரடி ஷேர் ஆட்டோ

அமலி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். டோல்கேட்டிலிருந்து தேரடி, அதைத் தாண்டி பெரியார் நகர். அவள் புருஷன் லோகு டோலக் வாசிப்பான். பாட்டு எழுதுவது, மெட்டுக் கட்டுவது, பாடுவது மூன்றும் அமலி. கானாவில் பெண்கள் குறைவு. சொந்தமாகக் கட்டிப் பாடுகிற பெண்கள் இன்னும் குறைவு.

சாவு வீட்டில் அவள் வேலை செய்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வந்ததும் யாரிடமும் துக்கம் விசாரிக்க மாட்டாள். செத்துப்போனவர் பெயர் என்ன, என்ன வேலை செய்தார், யாருக்குச் செல்லம், எதற்கெல்லாம் கோபித்துக்கொள்வார் என்று கேட்பாள். பாடை கட்டி முடிப்பதற்குள் அவளும் பாட்டைக் கட்டி முடித்திருப்பாள். அதைக் கேட்டு, அதுவரை அழாத மகன் அழுவான். நான் மட்டும் பாக்ஸ் ஊளையிடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் குரல் அப்போது கணீரென்று இருக்கும். "காலடிப்பேட்ட, காலடிப்பேட்ட, எறங்கறவங்க வா" என்று அவள் கூவினால் எதிர்ச்சாரியில் நிற்கிறவன் இறங்கப் பார்ப்பான் என்று லோகு கிண்டல் செய்வான்.

அந்தக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் திரும்பி வந்தாள், கூடவே குரல் வரவில்லை. ஒரு நரம்பு சோர்ந்துபோயிருக்கிறது, தானாகத் திரும்பினாலும் திரும்பும், அதுவரை பேச்சைக் குறைத்துக்கொள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பேச்சைக் குறைக்கலாம், ஆட்டோவை நிறுத்த முடியுமா? ஓட்டினாள். ஸ்டாப் பெயரைக் கூவ முடியவில்லை. முதல் நாள் இரண்டு பேர் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டுச் சத்தம் போட்டார்களாம். மறுநாளிலிருந்து வண்டியில் ஏறுகிறவர்களில் யாராவது ஒருவர் அவளுக்காகக் கூவினார். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. கம்பெனிக்குப் போகிற பெண் ஒரு நாள், பூக்காரம்மா ஒரு நாள். நானே ஒரு முறை "தேரடி, தேரடி" என்று கூவியிருக்கிறேன். எக்கோ இல்லாமல் என் குரல் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மழைக்காலம் போய்க் கோடை வந்தது. காற்றோடு கலந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. பேசலாம், பாட முடியுமா என்று தெரியாது.

டெஸ்டிங் வேணாம்

கேரம் கிளப்பை நடத்துகிற தாஸ், ஹார்பரில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். வருஷா வருஷம் போட்டி முடிந்ததும் கச்சேரி வைப்பான். அந்த வருஷம் அமலி தானாகவே போய் அவனிடம், ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு நான் பாடுகிறேன் என்று கேட்டிருக்கிறாள்.

தாஸ் என்னிடம் வந்து புலம்பினான். "எப்டி பாய் வேணான்றது? எங்கம்மா சாவுக்கு பாடனது அது. ஆனா பசங்க ஆடணும்னு வந்துகினு கீறானுங்க. கொரல் வராம போச்சினா விசிலடிச்சே எறக்கிடுவானுங்க. அப்பால அது எந்திரிக்கவே எந்திரிக்காது."

கச்சேரி அன்று மதியம் லோகு இன்னொன்றும் சொன்னான். இன்றைக்குக் குரல் வரவில்லை என்றால் இனிமேல் பாட்டே இல்லை, டோலக்கை விற்றுவிடலாம் என்று அவனிடம் சொல்லியிருந்தாளாம்.

"புது பாட்டு பாய். பேசாம கெடந்தப்ப மனசுலயே கட்டினது. எனுக்கே தெரியாது."

"அப்புறம் நீ எப்படி வாசிப்ப?"

"தாளத்த மட்டும் என் முதுவுல தட்டிக் காமிச்சா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாட்டை லோகு கேட்டதில்லை, அமலியே கேட்டதில்லை. இந்த உலகத்தில் ஒரு காதிலும் அது இன்னும் விழவில்லை.

வெயிலோடு வெயிலாக மைக் டெஸ்டிங்குக்கு அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். மைக்கைத் தொட்டுப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

"டெஸ்டிங் வேணாம் பாய்."

"வேணாம்னா எப்படிம்மா? லெவல் வெக்க வேணாமா?"

"கொரல் கீறது ஒரு தபாவுக்குத்தான் கீது. அத டெஸ்டிங்ல வுட்டுட்டா மேடைல இன்னா பண்றது?"

அடுத்து, பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்பதற்காக மேடையைப் பார்த்து வைத்திருந்த பாக்ஸைக் காட்டி, அதைத் திருப்பிவைக்கச் சொன்னாள்.

"என் கொரல் எம்மேல வந்து விய்ந்திச்சினா அங்கியே நின்னுடுவேன் பாய்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "கடைசி வரி மேல போவணும். அப்டிதான் கட்டனேன். இப்ப அது வராது, கீய எறக்கிட்டேன். நீ ஒன்னியும் கண்டுக்காத."

டிரெய்லர் மேடை

முதலில் பாடிய பையன்கள் தெருவைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார்கள். புழுதி அடங்கவில்லை. பிறகுதான் அமலி ஏறினாள். சிலர் கைதட்டினார்கள். சிலர் அடுத்த குத்துப்பாட்டு எது என்று கத்தினார்கள். நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன.

லோகு தாளத்தைத் தொடங்கினான். அவள் வாயைத் திறந்தாள். வந்தது, குரல் என்று சொல்ல முடியாத ஒன்று. பாதி காற்று, பாதி சொரசொரப்பு. முன்வரிசையில் ஒருவன் இரண்டு விரலை வாய்க்குள் வைத்ததைப் பார்த்தேன்.

என் கை யோசிக்கவில்லை. எக்கோ குமிழை முக்கால்வாசி திருகியது. இத்தனை வருஷமாகப் பலவீனமான குரல்களை நான் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறேன். ஓட்டையிருக்கிற சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல, எக்கோ போட்டால் எல்லாம் மறைந்துவிடும். மறைந்தது. பையன் விரலை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் நிறுத்தினாள். அப்போதுதான் அந்த வார்த்தை.

"எக்கோவ எட்த்துடு பாய்."

கோபத்தில்தான் எடுத்தேன். எப்படியாவது போ என்று குமிழை ஒரேயடியாக இடதுபக்கம் திருப்பினேன். எக்கோ போனதும் அவள் குரல் முன்வரிசையைக்கூடத் தாண்டாது என்று தெரியும். அதனால் மைக்கின் கெயினை, அதாவது அது சத்தத்தை இழுக்கிற அளவை, ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். இதற்கு மேல் ஒரு மயிரிழை போனாலும் பாக்ஸ் ஊளையிடும் என்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த இடத்தில் மைக்குக்கு எல்லாம் கேட்கும். அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. லோகுவின் மோதிரம் டோலக்கில் உரசுவது கேட்டது.

அவள் முதலிலிருந்து பாடினாள்.

*தொண்டக்குள்ள குந்திகினு*
*வெளிய வர மாட்டேன்ற*
*இன்னா கோவம் எம்மேல*
*சொல்லிட்டாவது போயேன்டா*

தன் குரலிடம்தான் கேட்கிறாள். கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்த பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்கிறாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, தன் வீட்டு விஷயத்தைக் கேட்டவன் சிரிக்கிற சிரிப்பு.

*காலடிப்பேட்ட எறங்கறவன்*
*காத்துகினு குந்திகிறான்*
*நீ இல்லாத வாயிக்கு*
*ஊரே வந்து கூவுதுடா*

அந்த ஆட்டோவில் போய்வந்தவர்கள் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவரவர் கூவியது அவரவருக்கு நினைவு வந்திருக்கும். தாஸ் தலையைக் குனிந்துகொண்டான். தூக்கிப் பிடித்திருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆடவந்த பையன்களில் ஒருவன் ரோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவனும் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது.

அந்தக் குரலை எப்படி விவரிப்பது? அது உடைந்துதான் இருந்தது. உடைந்ததை அவள் எங்கேயும் மறைக்கவில்லை. வராத எழுத்துக்கு அப்படியே காற்றை விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனாள். விட்டுப்போன எழுத்தும் எங்களுக்குக் கேட்டது. ஒரு மனுஷி தன்னிடம் மிச்சமிருப்பதை எல்லாம் எடுத்து நடுத்தெருவில் வைக்கிறாள் என்று தோன்றியது. இவ்வளவு பக்கத்தில் ஒருவரையும் நான் கேட்டதில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

*அட்சி ஒன்ன தொரத்தல*
*அய்து ஒன்ன கூப்டல*
*வூடு தொறந்து கெடக்குது*
*வந்துடு நீ வந்துடு*

முதல் "வந்துடு" தரையோடு தரையாக இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான் கீழே இறங்கும் என்று எனக்குத் தெரியும், அவளே சொல்லியிருந்தாள். அவள் கண்ணை மூடினாள்.

அது மேலே போனது.

சொரசொரப்பு பாதி வழியில் கழன்று விழுந்துவிட்டது. பழைய கணீர்க் குரல் இல்லை, மெலிந்த, ஈரமான, புதுக் குரல். டிரெய்லரைத் தாண்டி, மொட்டை மாடியில் நின்றிருந்த பெண்களைத் தாண்டிப் போய் நின்றது. கெயின் விளிம்பில் இருக்கிறது. நான் உடனே குறைத்திருக்கவேண்டும். கை குமிழின் மேல் இருக்கிறது, மறந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் வேலையை மறந்துவிட்டு வாயைப் பிளந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாக்ஸ் ஊளையிட்டிருக்கவேண்டும். இடவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பாட்டு முடிந்தும் யாரும் கைதட்டவில்லை. அவள் பயந்துபோய் லோகுவைப் பார்த்தாள். அவன் டோலக்கின் மேல் கவிழ்ந்து கிடந்தான். பிறகுதான் தெரு எழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை, எழுத வராது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், கழுத்தைத் துண்டால் சுற்றி அவளை லோகு வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். டாக்டர் பேச்சை அவன் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். பாத்திமா சொம்பை நீட்டினாள். "இன்னிக்கி பாட்டு எப்டி?"

"கேட்டேன்" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப இத்தினி வருசமா?" என்றாள். தட்டெடுத்துப் போட்டாள்.

காலடிப்பேட்டை

மறுநாள் காலை ஒயர் பெட்டியைக் காணோம். தார்பாய்க்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்படி நான் எதையும் விட்டுவந்ததே கிடையாது. டோல்கேட்டில் போய் நின்றால் அமலியின் வண்டி. அவளுக்கு நேர் பின்னால் எனக்கு இடம் கிடைத்தது.

காக்கிச் சட்டை, டிரெய்லர் புழுதிக்காக மூக்குவரை ஏற்றிக் கட்டிய துண்டு. நேற்றைய பச்சைப் புடவைக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் மெல்லக் கேட்டாள்.

"கோவமா பாய்?"

"இருந்துச்சு. நேத்தே போயிடுச்சு."

"எனுக்கு ஒன்னுமே கேக்கல பாய். பயத்துல காது ரெண்டும் அடச்சிக்கிச்சி. நல்லவேள, கடைசில மேல போவாம கெட்டியா புட்ச்சி கீய எறக்கிட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்தில் ஒரு முனகல். கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய ஒரு பெண், ஜன்னலோரம் பார்த்தபடி தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். "வூடு தொறந்து கெடக்குது... வந்துடு..." அடுத்த "வந்துடு"வை அவள் மேலே கொண்டுபோனாள்.

அமலியின் தோள் அசையாமல் நின்றுவிட்டது. தான் கட்டிய பாட்டு முதல்முறையாக அவள் காதில் விழுகிறது. ஆனால் கட்டினவளுக்குத் தப்பைப் பொறுக்க முடியுமா? திரும்பாமலே சொன்னாள்.

"அந்த எடம் கீய எறங்கணும்மா. நீ மேல போற."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "இல்லக்கா. நேத்து தேரடியாண்ட நான் நின்னுகினுதான் இருந்தேன். அந்தக்கா மேலதான் போச்சி."

"கீயதான்மா."

"மேலக்கா. எங்க வூட்டு மாடி வரிக்கும் கேட்டிச்சி. எங்கம்மா கீய எறங்கியே வந்துடுச்சி. நீ அங்க இருந்தியா இன்னா?"

அமலி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கேள்வி அவற்றில் நின்றது.

"போன அமலி" என்றேன். "மேலதான் போன."

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் கம்பியைத் தட்டி, "இன்னாம்மா, காலடிப்பேட்ட தாண்டிகினு கீது" என்றார்.

அமலி பிரேக் போட்டாள். மூக்கிலிருந்த துண்டைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"காலடிப்பேட்ட," என்று கூவினாள். "காலடிப்பேட்ட, காலடிப்பேட்ட, எறங்கறவங்க வா."

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனி அட்டைப் பெண், திறந்த வாயை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "தாண்டனப்பறம் கூவறியேம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே, வந்த வழியே திரும்பி நடந்தார்.